நிமிஷத்துக்கு நாலு ரூபாய்

மேலப்பாளையத்தில்
மெத்தை அடைத்த அலமாரிக்குள் உட்கார்ந்து
ஆறு மாதம் பேசினேன்,
நிமிஷத்துக்கு நாலு ரூபாய்.
'ஏளா, எங்க போற?'
'அவ்வொ இன்னும் வரல்லியே.'
இருமல் விழுந்த வாக்கியங்களை
எந்த நாட்டிலிருந்தோ திருப்பினார்கள்.
அதற்குக் காசில்லை.

நேற்று மீராள் மாமிக்குக்
கடன் செயலியின் அழைப்பு.
'சொகமா இருக்கியளா மாமி?
ரெண்டு தவணை நிக்கே,
வெள்ளிக்குள்ள போட்டுருங்க, என்ன?'

மாமி இளகிவிட்டாள்.
'நம்ம தெருப் புள்ளைதான் போல' என்று
போனை என்னிடம் தந்துவிட்டு
வளையலைக் கழற்றினாள், சோப்பு போட்டு.

அந்த 'என்ன'வை எனக்குத் தெரியும்.
கடைசியில் லேசாக இழுக்கும்,
என் மாப்பிள்ளை கேலி செய்வார்.

இருமினேன்.

'வெளங்கல்லியே மாமி,
இன்னொரு தடவ சொல்லுங்க' என்றது
சளி பிடிக்காத என் குரல்.