ஏழாவது கொக்கி

சிபான்யோனி கசாப்புக்கடைக் குளிர் அறையில்
குறுக்கே ஒரு கம்பி, அதில் பதின்மூன்று கொக்கி.
இரவுக் காவல் எனக்கு.
ஆடுகளை மாட்டுவதும் நான்தான்.

டெனபூம் ரயில் நிலைய வாசலில்
இருபது ராண்டுக்கு ஒரு புத்தகம் வாங்கினேன்.
அட்டை இல்லை. மழையில் ஊறி உப்பியது.
இசையின் இலக்கணம்.
அதுவரை நான் பீட் செய்தது
கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுகிற மாதிரி.
சரியாக வந்தால் ஏன் என்று தெரியாது,
வராவிட்டாலும் தெரியாது.

மொத்தம் பன்னிரண்டு படி என்றது புத்தகம்.
பதின்மூன்றாவது, மறுபடி முதலாவதே,
கொஞ்சம் உயரத்தில்.
நான் கம்பியைப் பார்த்தேன்.

அன்றிரவு இப்படி மாட்டினேன்:
ஒன்று, மூன்று, நான்கு,
ஆறு, எட்டு, ஒன்பது,
பதினொன்று.
காலையில் முதலாளி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
"என்ன குட்சோ இது, பல் விழுந்த வாய் மாதிரி?"
"மைனர் ஸ்கேல், ஐயா."
"நெருக்கி மாட்டு" என்றார்.
மூன்றையும் நான்கையும் தொட்டுக் காட்டி,
"இதோ, இந்த இரண்டு மாதிரி."
சோகம் முழுக்க அந்த இரண்டுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று
அவரிடம் எப்படிச் சொல்ல.

மொக்காடி பாடுகிறவள், பகலில் முடி பின்னுகிறவள்.
என் பதினோரு டிராக்கையும் கேட்டு முடித்து
ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி
"எல்லாம் ஒரே வீடு, சுண்ணாம்புதான் வேறு" என்றாள்.
இரண்டு நாள் பேசவில்லை அவளிடம்.
மூன்றாம் நாள் சரிபார்த்தேன்.
பதினொன்றும் ஜி மைனர்.
யாரும் எனக்கு ஜி சொல்லித்தரவில்லை.
செருப்புக்குள் கால் நுழைவது போல
என் விரல் தானே போய் நின்றிருக்கிறது.

செவ்வாய் இரவு பத்து மணிக்கு
பட்டியல்படி மின்சாரம் போனது.
வெளிச்சம் போவது எல்லோருக்கும் தெரியும்.
எனக்கு அன்று காதில் போனது:
கம்ப்ரசர் நின்றது,
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் நின்றது,
பக்கத்துக் கடை ஃபிரிட்ஜ், அதற்கடுத்த வீட்டு ஃபிரிட்ஜ்.
மாமெலோடி முழுவதற்கும் அடியில்
ஓயாமல் ஓடிய சுருதிப்பெட்டியை
யாரோ மூடிவிட்டார்கள்.

(பிறகு ஃபோனில் அளந்தும் பார்த்தேன்.
ஜி-தான். அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே,
சரியாகச் சேராத ஜி.
பிறந்ததிலிருந்து அதன்மேல் நின்றுகொண்டு
என் மெட்டு, என் மெட்டு என்றிருக்கிறேன்.)

லேப்டாப்பில் இருபத்து மூன்று சதவீதம்.
காதுக்குக் கீழே தரை இல்லை.
இருட்டில் கம்பியைத் தடவிக்கொண்டே போனேன்.
ஏழாவது கொக்கி.
மைனர் தாண்டிப் போகிற இடம்.
ஒன்றிலிருந்து போனாலும் பதின்மூன்றிலிருந்து வந்தாலும்
அதே தூரம், அதைவிடத் தூரம் கிடையாது.
அதையே ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

லாக் டிரம்மை அங்கே நட்டேன்.
நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு.
ஷேக்கர், தூக்கக் கலக்கத்தில் வேலைக்கு வருகிறவன் போல
ஒவ்வொரு அடிக்கும் துளி பிந்தி.
மெட்டு கிடைக்கவில்லை. அழித்தேன். அழித்தேன்.
பேட்டரி ஆறு என்றபோது
மைக்கைத் திறந்து வாயாலேயே முனகினேன்.

பன்னிரண்டரைக்கு மின்சாரம் வந்தது.
என் முனகலுக்கு அடியில் பழைய ஜி
வாடகை கேட்க வந்தவன் போல
நுழைந்து உட்கார்ந்துகொண்டது.
பல் கூசியது. நான் நிறுத்தவில்லை.
அதுவும் நிறுத்தவில்லை.

முதலாளி ஃபோனில் கத்தினார், "டிகிரி எவ்வளவு?"
"ஏழு" என்றேன்.
அவர் கேட்டது இறைச்சியை.
அதுவும் ஏழுதான்.

மொக்காடி சீப்பைக் கடித்தபடி
இரண்டு முறை கேட்டாள்.
"கடைசியில் ஒரு இரைச்சல் வருகிறதே, வெட்டிவிடு."
"அது மின்வாரியம்" என்றேன்.
"மற்ற பதினொன்றிலும் முதலிலிருந்தே இருக்கிறார்கள்.
இதில்தான் தாமதமாக வந்திருக்கிறார்கள்."