பதினொன்றாம் தலை

எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தோம்.
நம்புக்கனி வைத்துத்தான் வந்தாள்.
"எண்ணெ இல்லாமத் தெருவுல நடந்தா
எந்த வீட்டு எழவுன்னு கேப்பாக."

பாம்பன் தெற்குவாடி, புயல் காப்பகத்தின் மாடி அறை.
போன புயலுக்கு யாரோ கரியால் எழுதிய
குடும்பக் கணக்கு சுவரில் இன்னும் இருக்கிறது.
அதன் கீழே என் மேசை, கணினி,
முப்பத்திரண்டு முனை வைத்த தொப்பி,
ஊசியில்லாத சிரிஞ்சில் பசை.
வகிடு வகிடாக முடி விலக்கி
உப்பேறிய மண்டையில் பொட்டளவு இடம் தேடுவது என் வேலை.
எம்.எஸ்சி. படித்தது இதற்கா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
பேன் இருந்தால் நான் யாரிடமும் சொல்வதில்லை.

அவளுடைய வேலை:
அச்சடித்த நட்சத்திரம், அதை மறைத்து ஓர் அட்டை,
எதிரே கண்ணாடி.
கண்ணாடியை மட்டும் பார்த்து
இரண்டு கோட்டுக்கு நடுவே பென்சில் ஓட்ட வேண்டும்.
மேலே என்று நினைத்தால் கீழே போகும்.
கலங்கிய தண்ணீருக்குள் பாறையிடுக்கைத் தடவி
மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற கை
முதல் முனையிலேயே நின்றுவிட்டது.
ஆறு நிமிடம். நாற்பத்தொரு தப்பு.

ஒவ்வொரு தப்புக்கும் திரையில்
நெற்றிக்கு மேலுள்ள தடத்தில் ஒரு குழி விழும்,
நொடியில் பத்திலொரு பங்குக்குள்,
அவள் உச்சுக்கொட்டும் முன்பே.
காட்டினேன்.
"எனக்கு முந்தி அதுக்குத் தெரிஞ்சிருக்கு."
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"பெறகு ஏன் வாயத் தொறக்கல?
அவுக ரெண்டாந்தடவ எஞ்சின் வாங்க
நகையக் கழட்டிக் குடுத்தேனே,
அன்னைக்கும் குழி விழுந்திருக்குமோ?"
பேராசிரியர் தந்த படிவத்தில்
இதற்குக் கட்டம் இல்லை.

ஓய்வுப் பதிவு: கண்ணை மூடி
எதையும் நினைக்காமல் இரண்டு நிமிடம்.
மற்ற நாள் பின்மண்டையில் அலை
கச்சான் ஓய்ந்த கடல்போல் சீராக வரும்.
செவ்வாய்க்கிழமை வராது.
ரயில் பாலத்தில் ஏறினால் பதினேழாம் தடம் உதறும்,
அதுவென்று குறித்து வைத்தேன்.
அந்நேரம் வண்டி ஏதும் இல்லை.
செவ்வாய், குழுக்கடன் கட்டும் நாள்.

ஒன்பதாம் நாள், ஒன்றரை நிமிடம்.
பதினான்காம் நாள் இருபத்திரண்டு நொடி.
முதல் நாள் மண்டை முழுக்க எரிந்த சிவப்பு
ஓரத்தில் ஒரு காசளவுக்கு வந்துவிட்டது.
கற்பதென்றால் நிறைவது என்றிருந்தேன்.
இது ஏலம் முடிந்த மீன்கூடம் மாதிரி
ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவது.
வரைந்துகொண்டே மகள் நர்சிங் சேர்ந்த கதையைச் சொன்னாள்.
தாடை அசைந்து எல்லாத் தடமும் கெட்டது.
பேசாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

கடைசிச் சோதனை.
கண்ணாடி இல்லை, அட்டை இல்லை,
நேராகப் பார்த்து அதே நட்சத்திரம்.
பால்வாடிப் பிள்ளையும் போட்டுவிடும்.

கை எதிர்ப்பக்கம் போனது.

முதல் நாள் ஆழத்துக்கு ஒரு குழி.
தொடர்ந்து இன்னொன்று.
பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"கரையேறுனாக் கொஞ்ச நேரம் தர ஆடும்ல, அதான்.
ஆடட்டும், விடுங்க."
இதை விளக்கப் பேராசிரியருக்கு
நாற்பது பக்கம் தேவைப்படும்.
பன்னிரண்டு குழிக்குப் பின் கை திரும்பியது.

குறிப்பு என்ற இடத்தில் 'தரை ஆடியது' என்று எழுதி
அழித்து
'இயல்பு' என்று எழுதினேன்.

குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை.
பசை காய்ந்து முடி முடிச்சாக நிற்க
முன்னூறு ரூபாயும் ஷாம்பு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு
படியிறங்கினாள் நம்புக்கனி.
முதல் படியில் மட்டும்
சுவரைப் பிடித்தாள்.