இரண்டு மெகாபைட்

ஸ்காபரோவில் ஆரோ கழித்துவிட்ட சாம்பிளர்
நூற்றிப்பத்து வோல்ட்டுக்குப் பிறந்தது.
குருநகர் மின்சாரத்துக்கும் அதுக்கும் நடுவில்
ஒரு ட்ரான்ஸ்போமர் இருந்து உறுமுகிறது.
றாக் வாங்கவில்லை. மீன்பெட்டிப் பலகை, நாலு ஆணி.

உள்ளே இரண்டு மெகாபைட்தான் கொள்ளும்:
டெஸ்மன் எஞ்சின் கயிறை இழுக்க
அது பிடிக்காமல் இருமிய மூன்றாம் தரம்,
ஜெட்டியில் ஐஸ் உடைபடுவது,
சூண்பாண் ஓட்டோவின் பாதிச் சுரம்.
நாலாவதுக்கு இடமில்லையாம்.
பச்சைத் திரை மரியாதையாகச் சொன்னது.

வரும்போதே வாயில் ஒரு பிளொப்பி வைத்திருந்தது.
மேலே பென்சிலில்: அழிக்காதே.
கறகறவென்று ஒரு நிமிடம் வாசித்தது.
ஒரு பெண். பாடமுன் இழுக்கிற மூச்சு.
பாட்டு இல்லை.

கீழ்க்கட்டையில் அவள் சுருட்டுக் குடித்த கிழவன்.
மேலே போனால் பிள்ளை.
பத்து விரலையும் வைத்தேன்,
ஒரு கோயில் நிறைய ஆட்கள்
இந்தா பாடப்போகினம்

கரண்ட் போனது.

எஞ்சினும் ஐஸும் போயிற்று.
சேமிக்க இருந்தது அந்த ஒரு பிளொப்பி.
கஸ்தூரியார் வீதி முழுக்கக் கேட்டாயிற்று,
பிளொப்பி என்றால் சிரிக்கிறார்கள்.
இருட்டில் தடவி வெளியே எடுத்தேன்.
அதன் சின்னப் பூட்டை
எழுத முடியாத பக்கம் தள்ளினேன்.

டெஸ்மன்,
நாளைக்கும் உன் எஞ்சின்
மூன்றாம் இழுப்புவரை பிடிக்காமல் இருக்கட்டும்.