சுவர்

கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் எழுப்பியதாக
ஒரு ரசீது.
போய்ப் பார்த்தேன். சுவர் இல்லை.
தாசையா சாரின் சிலுவையில்
ஓர் ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
கணக்கில் கையெழுத்துப் போடவில்லை,
அவ்வளவுதான்.

பெரம்பூர் முழுக்க இப்போது எனக்குப் புதுப்பெயர்:
பரிசேயன்.
பாடகர் குழுவில் என் நாற்காலியில்
யாரோ பை வைத்திருக்கிறார்கள்.
ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் வேளையில்
பொன்னையா அண்ணனின் கைகள்
சட்டென்று கண்ணாடி துடைக்கப் போய்விட்டன.
"ஊருக்குள்ள நீ ஒருத்தன்தான் யோக்கியனா?"
குரூப்பில் கேட்டவர்
என் மகளுக்கு ஞானத்தகப்பன்.

ஜமாலியா சிக்னலில், வண்டியை அணைத்துவிட்டு,
ஆண்டவரிடம் முறையிட ஆரம்பித்தேன்.
பாதியில் நாக்கு கூசியது.
எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லச் சொல்ல
எனக்கு அது ருசித்துக்கொண்டிருந்தது.
அந்தப் பெயர்
கொஞ்சம் பொருந்தத்தான் செய்கிறது.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ஆனாலும் சுவர் இல்லை.
இருக்கிறது என்று எழுத
என் பேனாவுக்கு வராது.

அடுத்த ஞாயிறு
அண்ணன் இருக்கும் பெஞ்சிலேயே உட்காருவேன்.
கையை நீட்டியபடி நிற்பேன்,
அவர் கண்ணாடியைத்
துடைத்து முடிக்கும்வரை.