எந்த அலையில்

லார்ன் துறையிலிருந்து ஸ்ட்ரான்ராருக்கு
இரண்டு மணி இருபது நிமிடம்.
நான் அந்தக் கப்பலில் உருளைக்கிழங்கு உரித்தவன்.
நாளுக்கு நான்கு தடவை கடலைக் கடப்போம்.

எண்பத்தொன்று பிப்ரவரியிலிருந்து
ஸ்காட்லாந்துக் கரையில் நான் குற்றவாளி இல்லை.
இந்தப் பக்கம், என் வீட்டில், என் கட்டிலில்,
கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்ட பிறகும்
ஆயுள் வரை உள்ளே வைக்கலாம் என்றது
விக்டோரியா ராணி காலத்துத் தாள் ஒன்று.

நடுவில் எங்கோ கோடு இருந்தாக வேண்டும்.
வட்டச் சன்னல் வழியே தேடுவேன்.
எந்த அலையில் நிரபராதி ஆகிறேன்?
கையிலிருக்கும் கிழங்கு
பாதித் தோலோடு இருக்கும்போதா?
கடற்காகங்களைக் கேட்கலாம்,
இரு கரை எச்சிலும் தின்பவை அவை.

இக்கரைக்கு அக்கரை பச்சையாம்.
அங்கே பனிமூட்டத்தில்
இரண்டும் ஒரே சாம்பல்.

மாலகி பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவன்.
பள்ளிகள், கோயில்கள், ஒருமுறை காவலர் மன்றம்கூட.
அவன் போகும் கோயில் வேறு, நான் போவது வேறு.
எங்கள் ஊரில்
அதற்கே ஆளைச் சுடுவார்கள்.

அதற்கும் முன்னால், ஒரு மார்ச் காலை,
வெடிமருந்து தேடுவதாகச் சொல்லி
அவன் வீட்டுக்குள் வந்தார் சார்ஜென்ட் மெக்கில்வேன்.
கிடைத்தது பதினேழு கடிதம்.
எல்லாம் என் கையெழுத்து.

மூன்று மாதம் கழித்து, வழக்கில்லை என்று,
பழுப்பு உறையில் திரும்பி வந்தன.
உள்ளே சிவப்புப் பென்சில்.
'உன் சட்டை என்னிடம்தான் இருக்கிறது'
ஒரு கோடு.
'குளிருகிறது'
இரண்டு கோடு.
'ஞாயிற்றுக்கிழமை'யைச் சுற்றி ஒரு வட்டம்,
ஓரத்தில் கேள்விக்குறி.
நான்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை
என்று சிரித்தான் மாலகி.
பிறகு குளியலறைக்குள் போய்க்
குழாயைத் திறந்துவிட்டான்,
வெகு நேரம் மூடவில்லை.

கடைத்தெருவில் மனுவோடு நின்றார்கள்,
எங்கள் பாஸ்டரும் அவனுடைய பங்குச் சாமியாரும்.
ஒருவர் ஊர்ச் சாவுக்கு மற்றவர் போகாதவர்கள்,
ஒரே பேனாவை
மாற்றி மாற்றி நீட்டினார்கள்.
என் அக்கா கையெழுத்துப் போட்டாள்.
போட்டுவிட்டு
எனக்குப் பிடித்த இஞ்சிக் கேக் வாங்கி வந்தாள்.
தின்றேன்.

எங்கோ ஸ்ட்ராஸ்பர்க்கில்
பத்தொன்பது நீதிபதிகள் உட்கார்ந்து
ஒரு படுக்கையறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்
என்று யோசித்தார்கள்.
லண்டனில் ஓர் இரவு
உறுப்பினர்கள் இரண்டு வாசலாகப் பிரிந்து நடந்தார்கள்,
வாசலில் நின்று தலை எண்ணினார்கள்.
எனக்கு அன்று எழுபது பேருக்கு சூப்.
உப்பு கூடிவிட்டது.

சட்டம் மாறி அமலுக்கு வந்த டிசம்பர் நாளில்
புயல்.
கப்பல் அக்கரையில் கட்டிக் கிடந்தது.
ஏற்கெனவே நிரபராதியான ஊரில் தனியாக நின்று
தொலைபேசிப் பெட்டியில் காசு போட்டேன்.
எப்படி இருக்கிறது அங்கே?
குழாய் ஒழுகுகிறது, என்றான்.
பால்காரன் ஒரு புட்டி குறைத்துவிட்டான்.
காற்று பாதியைத் தின்றது.
அப்புறம் சொன்னான்:
கடிதங்களை எடுத்து எண்ணினேன். பதினாறுதான்.

பதினேழாவதில் என்ன எழுதினேன்?
அவனுக்கும் நினைவில்லை.
காசு தீர்ந்தது.

பல ஆண்டு கழித்து,
பரிமாற ஆள் குறைந்த ஒரு நாள்,
வரிசையில் வந்தார் மெக்கில்வேன்,
ஓய்வு பெற்றவர், தொப்பியில்லாமல் சின்னத் தலை.
என்னைத் தெரியவில்லை.
என் எழுத்தைத்தானே அவருக்குத் தெரியும்.
கைகளைத் தேய்த்துக்கொண்டு
குளிருகிறது, என்றார்.

இரண்டு கோடு.

பதினேழாவதைக் கேட்க வாய் வந்தது.
கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி
நகர்த்தி வைத்தேன்.
கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது.
இருவரும் சேர்ந்து
அதைப் பிடித்துக்கொண்டோம்.