இருபத்து நான்கு கன்றுகள்

பதினேழை ஒப்புக்கொண்டான் டுவெய்ன் பெல்சர்.
"பதினேழு, ஐயா" என்றவன்
நிமிர்ந்து பார்த்து "அம்மா" என்று திருத்திக்கொண்டான்.
நாற்பத்தொன்று என்கிறார் மைரோன் ஹ்ரிட்சுக்.
கழித்தால் இருபத்து நான்கு.
அதற்காகத்தான் இந்த வியாழக்கிழமை.

ஸ்விஃப்ட் கரன்ட் நீதிமன்றத்தில்
ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் பொட்டுக்கு
நான் காவல்.
தலையசைப்பு அதில் ஏறாது.
வாயால் சொல்லுங்கள் என்பேன்.
அன்று நிறையச் சொல்ல வேண்டியிருந்தது.

திருட்டு முடிந்த கதை. மிச்சம் எடைதான்.
பதினேழுக்கு ஒரு தண்டனை,
நாற்பத்தொன்றுக்கு வேறு.
இடையில் நிற்கும் கன்றுகளை
யார் ஓட்டிவந்து காட்டுவது?

அரசு வழக்கறிஞர் நோட்டை நீட்டினார்.
பென்சில் எழுத்து, டீசல் கறை.
அக்டோபரில் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஏப்ரலில் நூற்று எழுபத்தொன்று.
நடுவில் எண்ணினீர்களா?
நடுவில் பனி, என்றார் ஹ்ரிட்சுக்.
கொயோட்டி வருமா?
தலையசைத்தார்.
வாயால் சொல்லுங்கள்.
வரும்.
வேலி?
ஜனவரியில் ஒருமுறை சாய்ந்தது.
பதிலுக்கு ஒன்றாக
நோட்டிலிருந்து கன்றுகள் இறங்கிப் போயின.

பிறகு டுவெய்ன் வாயைத் திறந்தான்.
ஆலங்கட்டி மழையில் மைசூர்ப் பருப்பு முழுக்கப் போனது,
வங்கி விடவில்லை, அதனால்தான்.
அதை நீ காட்டு என்றது சட்டம்.
ஆனால் அவனுக்கு வைத்தது இளகிய தராசு,
பாதிக்கு மேல் ஒரு குந்துமணி சாய்ந்தால் போதும்.
காப்பீட்டுக்காரர் கடிதம் ஒன்றை வைத்தான்.
சாய்ந்தது.

அரசின் தட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.
நீதிபதி லோர்னா ஃபேர் கண்ணாடியைக் கழற்றினார்.
"நம்புகிறேனா என்றால், பாதிக்கு மேல் நம்புகிறேன்.
கூட்டுகிற எண்ணுக்கு அது போதாது.
சந்தேகம் மிஞ்சுகிற இருபத்து நான்கை
இவர் கழுத்தில் கட்ட எனக்கு வழியில்லை."

ஹ்ரிட்சுக் எழுந்துவிட்டார்.
"அப்படியானால் யார் கொண்டுபோனது?"

பதில் சொல்லும் கடமை
அந்த அறையில் ஒருவருக்கும் இல்லை.
கேள்வி மட்டும் பதிவில் இருக்கிறது,
பதினொன்று நாற்பத்திரண்டுக்கு,
அதன் பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.

கருவியை நிறுத்தி வயரைச் சுருட்டும்போது பார்த்தேன்.
காவலரோடு கதவு வரை போன டுவெய்ன்
திரும்பி, ஹ்ரிட்சுக்கைப் பார்த்து
ஒருமுறை தலையசைத்தான்.
ஆமாம் என்றா, ஐயோ பாவம் என்றா,
வெறுமனே போய்வருகிறேன் என்றா.

வாயால் சொல் என்று
நான் கேட்கவில்லை.