பதினேழு

பள்ளியின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்து அறையில்
ஆட்டங்களை வெட்டி ஒட்டுகிறவள் நான்.
செவ்வாயன்று கோச் ஹாலரன் படியிறங்கி வந்தார்.
“எமெட் எறிந்து எதிரணி பிடித்ததை மட்டும்
தனியாக எடு. பெரிய கல்லூரியிலிருந்து ஆள் வருகிறார்.
இது கவலைப்பட வேண்டிய விஷயமா என்று
அவர் கேட்பதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.”

பதினேழு இன்டர்செப்ஷன்.
எட்டு நிமிடம், நாற்பது விநாடி.
முப்பத்தொன்பது டச்டவுன்கள் வேறொரு கோப்பில் கிடக்கின்றன.
அதைத் திறக்கச் சொல்லி யாரும் படியிறங்கியதில்லை.

யானைக்கும் அடி சறுக்கும், சரி.
பதினேழு முறை சறுக்கினால்
யானையைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா?

தரையைப் பார்த்தேன்.
மூன்றாவதில் மழை, பந்து சோப்புக்கட்டி.
ஐந்தாவது, டெல்ராய் பிங்காமின் இரு கைக்கும் நடுவே போய்
நெஞ்சில் பட்டு எகிறுகிறது. கணக்கு எமெட்டின் பெயரில்.
ஒன்பதாவதில் டெல்ராய் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்,
நேரே ஓடுகிறான். அந்த வாரம்தான்
உருக்காலை அவன் அப்பாவை வீட்டுக்கு அனுப்பியது.
கோப்பில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.
பதினான்காவதைப் பிடித்தவன் ஆற்றுக்கு அக்கரைப் பையன்,
ஸ்பைவி, பருவம் முழுக்கப் பெஞ்சில் இருந்தவன்.
பிடித்த பிறகு ஓடத் தோன்றவில்லை அவனுக்கு.
பந்தைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டுவிட்டான்.
அங்கே நிறுத்த வேண்டிய படத்தை
இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன்.

நான் யாருக்கும் வக்கீல் இல்லை.
நான்கு அவனுடையவையே, சந்தேகமில்லை.
வலப்பக்கம் ஓடிக்கொண்டே இடப்பக்கம் எறிகிறான்,
ஒற்றைக் கால் தரையில், முகத்துக்கு நேரே ஒரு முரடன்.
தூரத்தில் இடைவெளி ஒரு கதவின் அகலம்.
சாத்திக்கொண்டிருக்கும் கதவு
அவன் கண்ணுக்கு மட்டும் திறப்பதாகத் தெரிகிறது.

அப்புறம் யாரும் கேட்காத கோப்பைத் திறந்தேன்.
டச்டவுன்களில் பதினொன்று அதே எறிதல்.
அதே கால். அதே கதவு.

பதினைந்தையும் கலைத்து அடுக்கினேன்,
பந்து விரலை விட்டு விலகும் கணத்தில்
ஒவ்வொன்றையும் வெட்டினேன்.
புதன் இரவு கோச்சை உட்காரவைத்துக் கேட்டேன்,
எது நமக்கு, எது அவர்களுக்கு?
முப்பது வருடம் களத்தோரம் நின்றவர்.
எட்டைச் சரியாகச் சொன்னார்.
காப்பியில் ஆடை படிந்திருந்தது.
“அந்த ஆளுக்கு எதைக் காட்டட்டும்?” என்றேன்.
தொப்பியை எடுத்துக்கொண்டு
பதில் சொல்லாமல் படியேறினார்.

எனக்கும் ஒரு கவலை உண்டு.
அது பதினேழில் இல்லை.

போன வெள்ளி, கடைசிக் கால்பகுதி.
முந்தைய வாரத்து மூன்று பிடிகளை
ஊர் வானொலி ஏழு நாளாக மென்று துப்பியிருந்தது.
சவரக்கடையில், எரிபொருள் நிலையத்தில், தேவாலயப் படியில்
அவனைக் கண்டதும் பேச்சு சட்டென்று வானிலைக்கு மாறும்.
அப்படியொரு வாரத்துக்குப் பிறகு, மறுபடி அதே இடைவெளி.
அவன் பார்த்தான். பார்த்தது எனக்குத் தெரியும்,
தலை ஒரு விரற்கடை திரும்பியது, தோள் உயர்ந்தது.
பந்து கையிலேயே நின்றது.
பிறகு எல்லைக்கோட்டுக்கு வெளியே,
ஆளில்லாத புல்லில், பத்திரமாகப் போட்டான்.
நம் பக்கம் கைதட்டினார்கள்.

அந்த நான்கு விநாடியை
எந்தக் கோப்பில் சேர்ப்பதென்று தெரியவில்லை.
பதினெட்டு என்று பெயரிட்டு
திரையின் ஓரத்தில் விட்டிருக்கிறேன்.